சீலியாக் குழந்தை, ஒரே சம்பளம்: குளூட்டன் இல்லாத சாப்பாடும் இயற்கை விளைபொருளும் கட்டுப்படியாகுமா?

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் திருச்சி. மகளுக்கு ஏழு வயது. வயதுக்கேற்ற உயரம் இல்லை, ரத்தசோகை மருந்துக்கு மசியவில்லை, வயிற்றுப்போக்கு வந்து வந்து போகிறது. கடைசியில் ரத்தப் பரிசோதனையும் சிறுகுடல் திசுப் பரிசோதனையும் செய்து, சீலியாக் நோய் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். கோதுமை, பார்லி எதுவும் வாழ்நாள் முழுக்கக் கூடாது; அவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் அவளுக்கு ஆகாதாம்.

வீட்டில் என் கணவரின் சம்பளம் மட்டும்தான். மாமியாருக்குச் சர்க்கரை நோய், அவருக்கு இரவில் சப்பாத்தி. சின்னவனுக்கு மூன்று வயது. பயத்தில் பெரிய கடைக்குப் போய், "குளூட்டன் இல்லாதது" என்று போட்ட ரொட்டி, பிஸ்கட், பாஸ்தா, மாவு எல்லாவற்றையும் அள்ளி வந்தேன். அந்த மாத மளிகைக் கணக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. போதாக்குறைக்கு, "எல்லாம் உரமும் பூச்சிமருந்தும் செய்த வேலை, இயற்கை விவசாயப் பொருளுக்கு மாறிவிடு" என்று உறவினர் ஒவ்வொருவரும் சொல்கிறார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்ய எங்களால் ஆகுமா? எதை விடலாம், எதை விடக் கூடாது?

கணக்குப்பிள்ளை:

சகோதரி, முதல் வேலையாக அந்தப் பெரிய கடையின் அந்த அலமாரிப் பக்கம் போவதை நிறுத்துங்கள். பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். அரிசி மாவு, மக்காச்சோள மாவு, மரவள்ளி மாவு, சர்க்கரை, எண்ணெய். இவற்றில் எது நம் தெரு மளிகைக் கடையில் கிடைக்காது? அந்தப் பொருள்களெல்லாம் ரொட்டியும் பாஸ்தாவும் தின்று வளர்ந்த ஊர்க்காரர்களுக்காகச் செய்தவை. அவர்களுக்குக் கோதுமையை எடுத்துவிட்டால் தட்டு காலி. நமக்கு அப்படியா? இட்லி, தோசை, ஆப்பம், இடியாப்பம், அரிசிப் புட்டு, வெண்பொங்கல், அடை, கொழுக்கட்டை, கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், தயிர்ச் சோறு. இதில் கோதுமை எங்கே இருக்கிறது?

இன்னொன்று. குளூட்டன் இல்லாதது வேறு, இயற்கை விளைபொருள் வேறு. ஒன்று உங்கள் மகளுக்கு மருந்து. மற்றொன்று விருப்பம், நல்ல விருப்பம்தான், ஆனால் விருப்பம். இரண்டையும் ஒரே பையில் போட்டு விற்பது வியாபாரிக்கு வசதி. உங்கள் கணக்குப் புத்தகத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம் போடுங்கள்.

வெள்ளைக்கோட்டு:

நான் உணவியல் ஆலோசகர். கணக்குப்பிள்ளை ஐயா சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் "நம் சாப்பாட்டில் கோதுமை எங்கே" என்று அவர் கேட்டாரே, அங்கேதான் பல வீடுகள் சறுக்குகின்றன.

முதலில் பெருங்காயம். நாம் வாங்கும் தூளும் சரி, கட்டியும் சரி, பெரும்பாலும் கலப்புப் பெருங்காயம். அசல் பிசின் கொஞ்சம்தான். மீதி கோந்தும் மாவும். அந்த மாவு பல பொருள்களில் கோதுமை மாவு அல்லது மைதா. சாம்பார், ரசம், ஊறுகாய், புளிக்காய்ச்சல், மோர் என்று நாள் முழுக்க அது உள்ளே போகும். அரிசி மாவு சேர்த்துச் செய்ததும் சந்தையில் உண்டு, விலை வித்தியாசம் பெரிதில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 ஆண்டு விதிகளின்படி, குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் பொட்டலத்தின் மேல் அதை அறிவிக்க வேண்டும். பொருள் பட்டியலுக்குப் பக்கத்தில் "கோதுமை உள்ளது" என்று இருக்கிறதா பாருங்கள். உதிரியாக எடைபோட்டுக் கொடுக்கும் பெருங்காயம் வேண்டவே வேண்டாம்.

அடுத்து மால்ட் சேர்த்த பானங்கள். மால்ட் என்றால் பொதுவாக முளைகட்டிய பார்லி. குழந்தை உயரமாக வளரட்டும் என்று பாலில் கலந்து கொடுப்பதே இந்தக் குழந்தைக்கு வளர்ச்சியைத் தடுக்கும். கார்ன் ஃபிளேக்ஸ் சோளம்தானே என்று நினைப்பார்கள், அதிலும் மால்ட் சுவைக்காகச் சேர்ப்பது உண்டு. சோயா சாஸில் கோதுமை. ஓட்ஸ் இயல்பில் வேறு தானியம் என்றாலும் வயலிலிருந்து ஆலை வரை கோதுமையோடு புழங்குவதால் சாதாரண ஓட்ஸ் கூடாது. கடையில் விற்கும் சத்துமாவுகளில் கோதுமை சகஜம். அங்கன்வாடியில் தரும் சத்துமாவிலும் கோதுமை உண்டு. சின்னவனுக்கு அது வருகிறதென்றால் தனி டப்பா, தனிக் கரண்டி.

சின்னவனைப் பற்றி இன்னொரு சொல். உடன்பிறந்தவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அவனுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். அதுவரை அவன் வழக்கம்போல் கோதுமை சாப்பிடட்டும். நிறுத்திவிட்டுச் சோதித்தால் முடிவு தவறாக வரலாம்.

செம்மண்பூமி:

திண்டுக்கல் பக்கம் சிறியதாக இயற்கை அங்காடி வைத்திருக்கிறேன். கணக்குப்பிள்ளை எங்களைப் போன்றவர்களை வியாபாரி என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கியது வருத்தம். நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராக நடந்து இயற்கை விவசாயத்தைச் சொன்னது வியாபாரத்துக்காகவா? நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டியில் நெல் திருவிழா நடத்தி விதையைப் பரப்பியது லாபத்துக்காகவா? மண் கெட்டால் உணவு கெடும், உணவு கெட்டால் உடம்பு கெடும்.

சகோதரி, சிறுதானியங்களுக்கு மாறுங்கள். சாமை, தினை, வரகு, குதிரைவாலி எதிலும் குளூட்டன் இல்லை. மாமியாருக்குச் சப்பாத்தி வேண்டுமென்றால் நவீனக் கோதுமையை விட்டுச் சம்பா கோதுமை வாங்குங்கள். பழைய ரகம். குழந்தைக்குக்கூட அது ஒத்துக்கொள்ளும் என்று வாங்கிப்போனவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

வெள்ளைக்கோட்டு:

செம்மண்பூமி ஐயா, கடைசி வரியை யாரும் பின்பற்றிவிடக் கூடாது என்பதற்காக உடனே எழுதுகிறேன். சம்பா கோதுமையும் கோதுமைதான். அதிலும் குளூட்டன் இருக்கிறது. பழைய ரகம், நாட்டு ரகம், ரசாயனம் படாதது என்பதெல்லாம் சீலியாக் நோயாளியின் குடலுக்குத் தெரியாது. ஒரு வாய் சாப்பிட்டு வயிறு வலிக்கவில்லை என்றால் ஒத்துக்கொண்டது என்று பொருளில்லை; வலி இல்லாமலேயே குடலின் உட்சவ்வு தேயும்.

உரமும் பூச்சிமருந்தும்தான் காரணம் என்ற பேச்சுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மரபணுவில் அதற்கான வாய்ப்பு உள்ளவர்களுக்கு, குளூட்டனை உடம்பே எதிரியாக நினைத்துத் தாக்குவதால் வருவது இது. இந்தியாவில் பல பகுதிகளில் பெரியவர்களிடம் செய்த ஆய்வு ஒன்று 2016இல் வெளிவந்தது. வடக்கே நூறில் ஒருவருக்குச் சற்று மேல் (1.23 விழுக்காடு), தெற்கே ஆயிரத்தில் ஒருவர் அளவு (0.10 விழுக்காடு). மரபணு வாய்ப்பு இரு பக்கமும் இருக்கிறது; தட்டில் விழும் கோதுமையின் அளவில்தான் பெரிய வேறுபாடு. நம் பக்கம் அரிது என்பதால் மருத்துவர்களுக்கே சந்தேகம் தாமதமாக வருகிறது.

செம்மண்பூமி:

சரி, சம்பா கோதுமை பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். கடையில் அந்தப் பையின் மேல் எழுதியும் வைத்துவிடுகிறேன். சிறுதானியம் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை.

பெருமாள்புரத்தான்:

சிறுதானியத்தில் குளூட்டன் இல்லை, சரி. அது எந்த மாவு மில்லில் அரைபடுகிறது? அதைச் சொல்லுங்கள்.

என் அக்கா மகனுக்கு இதே நோய். வீட்டில் கேழ்வரகு, அரிசி மட்டுமே. பெருங்காயமும் மாற்றியாகிவிட்டது. ஆனாலும் ரத்தத்தில் இந்த நோயைக் காட்டும் எதிர்ப்பொருளின் அளவு இறங்கவே இல்லை. பிறகுதான் தெருமுனை மாவு மில்லைப் போய்ப் பார்த்தோம். முன்னால் நிற்பவர் ஐந்து கிலோ கோதுமையைக் கொட்டுகிறார், அது முடிந்ததும் அதே கல்லில் எங்கள் கேழ்வரகு. முதலில் விழும் மாவில் பாதி அவருடையது. மில்காரர் நல்ல மனிதர், "காலையில் முதல் ஆளாக வாருங்கள், ஒரு கிலோ அரிசியைப் போட்டு ஓட்டிவிட்டு உங்களுடையதை அரைக்கிறேன்" என்றார். ஆனால் தூசி அறை முழுக்கப் பறக்கிறது, துணிப்பை, சல்லடை, தகரம் எல்லாவற்றிலும் கோதுமை. அக்கா மில் பக்கமே போவதில்லை இப்போது.

காவிரிக்கரை:

ஐயோ, எங்கள் இடியாப்ப மாவும் தெரு மில்லில்தான் அரைக்கிறோம். அப்படியானால் மாவுக்கு என்னதான் செய்வது? பொட்டல மாவு வாங்கினால் பழைய கதைதானே?

பெருமாள்புரத்தான்:

மாவு என்றாலே உலர்மாவு என்று நினைக்க வேண்டாம். ஊற வைத்து ஆட்டுங்கள். கிரைண்டர் உங்களுடையது, அதில் கோதுமை போனதில்லை. இட்லி தோசைக்கு அரிசியும் உளுந்தும். அரிசியில் பாதியை எடுத்துவிட்டு வரகோ சாமையோ போட்டால் சிறுதானிய தோசை. கேழ்வரகை முழுதாகவே இரவில் ஊற வைத்து, காலையில் உளுந்தோடு ஆட்டிப் புளிக்க விட்டால் தோசை அருமையாக வரும். ஊறிய கேழ்வரகை மிக்சியில் அரைத்து, துணியில் வடிகட்டிப் பாலெடுத்தால் கூழ். பருப்பும் அரிசியும் ஊற வைத்துக் கரகரப்பாக அரைத்தால் அடை.

உலர்மாவே தேவைப்படுவது இடியாப்பம், புட்டு, முறுக்கு, சீடைக்கு. பச்சரிசியை ஊற வைத்து, வடித்து, நிழலில் துணி மேல் உலர்த்தி, ஈரம் லேசாக இருக்கும்போதே மிக்சியில் அரைத்து, சலித்து, வறுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளைக்கு அரைக் கிலோ தாராளம். கடலை மாவும் அப்படியே: கடலைப் பருப்பை வாங்கி வீட்டில் பொடியுங்கள். கடைக் கடலை மாவு எந்த மில்லில் அரைத்தது என்று யாருக்குத் தெரியும்? மிளகாய்ப் பொடி, சாம்பார்ப் பொடிக்கும் இதே சட்டம். மிக்சி கொஞ்சம் சூடாகும், நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள்.

வசதியிருந்தால் வீட்டு மாவு இயந்திரம் வாங்கலாம். ஆனால் அதற்குக் கொடுக்கும் பணத்துக்கு நல்ல மிக்சியும் கிரைண்டரும் வந்துவிடும் என்பது என் கருத்து.

வல்வைப்பொடியன்:

கனடாவில் இருந்து எழுதுகிறேன். சொந்த ஊர் இலங்கையின் வல்வெட்டித்துறை. எங்கள் ஆட்களுக்கு ஓர் எச்சரிக்கை. மேலே எல்லோரும் இடியாப்பம், புட்டு என்று துணிந்து எழுதியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் அது சரி. எங்கள் வீடுகளில் இடியாப்பமும் புட்டும் அவித்த கோதுமை மாவில் செய்வது மிகச் சாதாரணம். அரிசி மாவோடு கலந்தும் செய்வார்கள். இங்கே தமிழ்க் கடைகளில் வெள்ளை இடியாப்பம் வாங்கினால் கேட்டுத்தான் வாங்க வேண்டும். சிவப்பரிசி மா, குரக்கன் (கேழ்வரகு) மா, ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு) மா இவை தானியத்தாலோ கிழங்காலோ பாதுகாப்பு, ஆனால் பொதி செய்த இடத்தைப் பார்க்க வேண்டும்.

இங்கே வசிப்பவர்களுக்கு இன்னொரு செய்தி: சீலியாக் என்று மருத்துவர் எழுதித் தந்தால், குளூட்டன் இல்லாத பொருளுக்கும் சாதாரணப் பொருளுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை வருமான வரியில் மருத்துவச் செலவாகக் காட்டலாம். பற்றுச்சீட்டுகளை எறியாதீர்கள். இதைத் தெரியாமல் இருக்கும் எங்கள் சனம் அதிகம்.

மலைக்கோட்டைக்காரி:

காவிரிக்கரை அக்கா, நானும் திருச்சிதான். மாமியாரின் சப்பாத்தியைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. உண்மையான சண்டை அங்கேதான் வரும்! ஒரே தோசைக்கல்லில் இரவு சப்பாத்தி, காலையில் குழந்தைக்குத் தோசையா?

காவிரிக்கரை:

அதேதான். தனிக் கல் வாங்கிவிட்டேன். ஆனால் மாவு பிசையும்போது மேடை முழுக்கப் பறக்கிறது. அத்தையிடம் நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை. சர்க்கரைக்குச் சப்பாத்திதான் நல்லது என்று அவர் பல வருடமாக நம்புகிறார். சொன்னால் மருமகள் சோற்றைப் போட்டுச் சர்க்கரையை ஏற்றுகிறாள் என்று ஆகிவிடும்.

வெள்ளைக்கோட்டு:

அந்த நம்பிக்கையை நீங்கள் உடைக்க வேண்டாம், அவருடைய மருத்துவரே சொல்லட்டும். கோதுமையும் மாவுச்சத்துதான். நான்கு சப்பாத்தியை உருளைக்கிழங்கு மசாலாவோடு சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். எவ்வளவு சாப்பிடுகிறார், கூட எவ்வளவு காயும் பருப்பும் என்பதுதான் கணக்கு. முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை இரண்டு, பருப்பு அடை, பச்சைப்பயறு தோசை என்று இரவுக்கு மாற்றலாம். கேழ்வரகுக் கூழாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும், அடையாகத் தின்பது மேல். மாற்றும் முதல் சில நாள்கள் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரை அளவு பற்றி அவர் மருத்துவரிடம் பேசுங்கள்.

சின்னவனின் ரத்தப் பரிசோதனை முடிந்ததும் வீடு முழுக்கக் கோதுமையை நிறுத்துவதுதான் என் வாக்கு. இரண்டு சமையல் நடத்துவது செலவும்கூட.

கணக்குப்பிள்ளை:

இதை நானும் வழிமொழிகிறேன். இரண்டு வகைச் சாமான், இரண்டு எண்ணெய்ச் சட்டி, இரண்டு பலகை. சப்பாத்தி மாவு, ரவை, சேமியா, மைதா நான்கையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டால் அந்தப் பணம் பருப்புக்கும் முட்டைக்கும் போகும்.

ரேஷன் அரிசியைப் பற்றி யாரும் எழுதவில்லை, கௌரவம் தடுக்கிறதா? விலையில்லாமல் வரும் அரிசி. புழுங்கலரிசியை நன்றாகக் களைந்து ஊற வைத்தால் இட்லிக்கு ஒரு குறையும் இல்லை. வெள்ளையாக மிதக்கும் சில அரிசியைப் பார்த்துப் பிளாஸ்டிக் என்று கொட்டுகிறார்கள். அது இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12உம் சேர்த்து அரிசி மாவிலேயே செய்த செறிவூட்டிய அரிசி. கோதுமை வேண்டாம், அரிசியாகவே கொடுங்கள் என்று கடையில் கேளுங்கள். நீலகிரி, தருமபுரி மாவட்டத்தவர்களுக்கு 2023 முதல் ரேஷனில் 2 கிலோ கேழ்வரகும் வாங்கும் வழி உண்டு.

வேப்பமரத்தடி:

எனக்கும் சப்பாத்தி சாப்பிட்டால் வயிறு உப்புகிறது. நானும் குளூட்டனை நிறுத்திவிடலாமா? உடம்பு இளைக்கும் என்கிறார்களே?

வெள்ளைக்கோட்டு:

சோதிக்காமல் நிறுத்தாதீர்கள். சின்னவனுக்குச் சொன்ன அதே காரணம்தான்: நிறுத்திவிட்டுச் சோதித்தால் முடிவு தவறாக வரலாம். இளைப்பது பிஸ்கட்டையும் பரோட்டாவையும் விட்டதால். குளூட்டனை விட்டதால் அல்ல.

செம்மண்பூமி:

சகோதரி கேட்ட இரண்டாம் பாதிக்கு, அதாவது இயற்கை விளைபொருளுக்கு, இப்போது வருகிறேன். எல்லாவற்றையும் மாற்ற முடியாது என்பதை என் வாடிக்கையாளர்களிடமே சொல்வேன். கையில் இருக்கும் பணத்தை முதலில் கீரைக்குப் போடுங்கள். தோல் உரிக்காமல் அப்படியே தின்பது அதுதான். மருந்தும் அடிக்கடி விழும். பிறகு கத்தரிக்காய், வெண்டைக்காய், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி. தேங்காய், வாழைக்காய், வெங்காயம், பூசணி போன்றவற்றைச் சாதாரணமாகவே வாங்குங்கள்.

உழவர் சந்தையை இயற்கைச் சந்தை என்று நினைத்துவிடாதீர்கள். 1999இல் மதுரையில் தொடங்கியபோதும் இப்போதும் அது இடைத்தரகர் இல்லாத சந்தை, அவ்வளவே. ஆனால் விற்பவரே பயிரிட்டவர் என்பதால் என்ன மருந்து, எப்போது அடித்தது என்று நேருக்கு நேர் கேட்கலாம். வாரா வாரம் ஒரே ஆளிடம் வாங்குங்கள்.

பொட்டலத்தில் வாங்கினால், இயற்கை விளைபொருளுக்கான ஜைவிக் பாரத் முத்திரை இருக்கிறதா பாருங்கள். அதன் பின்னால் இரண்டு வகைச் சான்று. ஒன்று சான்றளிக்கும் நிறுவனம் வந்து ஆய்வு செய்வது. நம் மாநிலத்தில் கோயம்புத்தூரில் அரசின் விதை மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறையே அதைச் செய்கிறது. மற்றொன்று பங்கேற்பு உறுதிச் சான்று. பக்கத்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை மற்றவர் பார்ப்பது, செலவு மிகக் குறைவு. "நேச்சுரல்", "பாரம்பரியம்", "கிராமத்து" என்று அச்சடிப்பதற்கு எந்தச் சான்றும் தேவையில்லை. என் கடையிலும் சான்று இல்லாத சரக்கு உண்டு. அதை அப்படிச் சொல்லித்தான் விற்கிறேன்.

மலைக்கோட்டைக்காரி:

அரிசிக்கு ஒரு வழி. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் லால்குடி பக்கம் இயற்கை முறையில் செய்யும் ஒருவரிடம் நாங்கள் நான்கு குடும்பம் சேர்ந்து தூயமல்லியும் கிச்சிலிச் சம்பாவும் நெல்லாகவே வாங்கி, வேண்டும்போது அரைத்துக்கொள்கிறோம். நெல்லாக வைத்தால் வண்டு தொல்லை குறைவு, அரிசி விலை ஏறும் மாதங்களிலும் பழைய விலைக்கே சாப்பிடலாம். நாங்கள் போகும் அரிசி ஆலையில் நெல் மட்டும்தான் அரைக்கிறார்கள், கோதுமை நுழைவதில்லை. தினமும் அந்த அரிசி அல்ல. மதியச் சோற்றுக்கு அது, இட்லிக்கு ரேஷன் அரிசி.

கீரையை ஏன் வாங்க வேண்டும்? மொட்டை மாடியில் நான்கு பையில் அரைக்கீரையும் சிறுகீரையும் மாற்றி மாற்றி விதைத்தால் ஐந்து பேருக்கு வாரம் இரண்டு நாள் கீரை வந்துவிடும். திருச்சி வெயிலுக்குப் பச்சை வலை மட்டும் கட்டிவிடுங்கள்.

காவிரிக்கரை:

இது செய்ய முடியும் போலிருக்கிறது. அடுத்த முறை நெல் வாங்கும்போது எங்களையும் சேர்த்துக்கொள்வீர்களா? இன்னொரு கவலை பள்ளிக்கூடம். அவள் அரசுப் பள்ளியில் படிக்கிறாள். காலை உணவும் மதிய உணவும் அங்கேதான்.

பெருமாள்புரத்தான்:

காலை உணவுத் திட்டத்தில் ரவை உப்புமா, சேமியா, கோதுமை ரவை எல்லாம் முறை வைத்து வரும். பொங்கல் நாளிலும் அதே பாத்திரம், அதே கரண்டி. ஆகவே காலையில் வீட்டிலேயே சாப்பிட வைத்து அனுப்புங்கள். மதியம் சோறும் முட்டையும் பரவாயில்லை, சாம்பார்ப் பெருங்காயம்தான் சிக்கல். வீட்டிலிருந்து குழம்பு கொடுத்தனுப்பி, அங்கே வெறும் சோறும் முட்டையும் வாங்கிக்கொள்ளச் சொல்லலாம். மருத்துவர் கடிதத்தின் நகல் ஒன்று தலைமையாசிரியரிடமும் ஒன்று சமையல் செய்யும் அம்மாவிடமும் இருக்கட்டும். சமையல் செய்யும் அம்மாவிடம் நீங்களே நேரில் போய்ப் பேசுங்கள், கடிதத்தைவிட அது வேலை செய்யும். பிறந்தநாள் கேக்குக்குப் பதிலாகக் கடலை மிட்டாய், பொரி உருண்டை, எள்ளுருண்டை என்று வகுப்பு ஆசிரியரிடம் ஒரு டப்பா கொடுத்து வைத்துவிடுங்கள். மற்ற பிள்ளைகள் கேக் தின்னும்போது அவளுக்கும் ஏதாவது கையில் இருக்கும்.

உணவகத்தில் சாப்பிட வேண்டி வந்தால் இட்லி, தொட்டுக்கொள்ள தேங்காய்ச் சட்னி, அதிலும் தாளிப்பில் பெருங்காயம் இல்லையென்றால். தோசை வேண்டாம், ரவா தோசையும் பரோட்டாவும் புரண்ட கல்.

மலைக்கோட்டைக்காரி:

நெல்லுக்குத் தாராளமாகச் சேருங்கள் அக்கா. தனிச் செய்தியில் எழுதுகிறேன்.

வேப்பமரத்தடி:

கடையில் ராகி சேமியா, தினை சேமியா என்று விற்கிறார்களே, அதுவாவது குழந்தைக்குக் கொடுக்கலாமா?

வெள்ளைக்கோட்டு:

பொட்டலத்தின் பின்பக்கம் பாருங்கள். பலவற்றில் இழை அறுபடாமல் இருக்கக் கோதுமை மாவோ மைதாவோ சேர்த்திருப்பார்கள். ராகியைவிட அதுவே கூடுதலாக இருப்பதும் உண்டு. வீட்டில் இடியாப்ப அச்சில் பிழிந்து, ஆவியில் வேகவைத்து, ஆறியபின் உதிர்த்துத் தாளித்தால் சேமியா உப்புமாவேதான். ராகி மாவோடு கால் பங்கு அரிசி மாவு சேருங்கள், ஒட்டாது.